மூன்றாம் சரணத்தில் மாட்டிக்கொண்டவர்கள்

ரசிகர் மன்றத்தின் கதவு மூடிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். திறந்தது பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. இடைப்பட்ட காலம் முழுக்க உள்ளே இருந்த ஏழு பேரும் ஒரே ஒரு பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பூட்டின் மேல் பழி போட வழியில்லை, அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. தாழ்ப்பாளும் எப்போதோ உடைந்து, அதன் இடத்தில் ஒரு துண்டுக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து, அது எப்படி என்று பேச்சு ஆரம்பித்ததும், கதவுப் பலகை ஊறின பயறு மாதிரி உப்பி நிலையோடு இறுகிக்கொண்டது, அவ்வளவுதான். மன்றத்துக்குள்ளேயே பின்பக்கம் ஒரு கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் இருந்தன. இல்லாவிட்டால் இந்த வரலாறு ஒரே நாளில் முடிந்திருக்கும்.

ஏழு பேரில் ஆறு பேர் மன்ற உறுப்பினர்கள், அவர்களுக்கு இது வேண்டியதுதான் என்றுகூடச் சொல்லலாம். ஏழாவது ஆள் ரசிகரே இல்லை. அவர் ரேடியோ மெக்கானிக், தெருவுக்கு எதிர்ப்பக்கம் கடை வைத்திருந்த தையற்காரியின் புருஷன். மன்றத்து ரெக்கார்டு பிளேயரில் பெல்ட் நழுவுகிறது என்று கூப்பிட்டார்கள். "பத்து நிமிஷ வேலை, சாப்பாட்டை எடுத்து வை" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, திருப்புளியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு தெருவைக் கடந்து போனார். ஊரில் அவருக்கு ஆனாக்காரர் என்று பெயர். எதைக் கேட்டாலும் முதலில் பாராட்டிவிட்டு, பிறகு "ஆனா" என்று ஆரம்பிப்பார். கல்யாணத்துக்கு முன்னால் தையற்காரியைப் பற்றி அவரிடம் விசாரித்தபோதுகூட, "நல்ல பொண்ணுதான். ஆனா முணுக்குன்னு கோவம் வரும்போல" என்றுதான் சொன்னார். அது அவள் காதுக்கு வந்தது. தன்னைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே ஆள் இவர்தான் என்று நினைத்து அவரையே கட்டிக்கொண்டாள். உண்மை பேசுகிறவனைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

பெல்ட்டை மாற்றியாகிவிட்டது. சோதித்துப் பார்க்க ஒரு இசைத்தட்டு வேண்டும். மன்றத் தலைவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், கண்ணாடியைத் துடைக்கிற பஞ்சுத் துணியாலேயே ஒரு தட்டைத் துடைத்து, குழந்தையைக் கிடத்துகிற மாதிரிப் பிளேயரில் வைத்தார். ஓடாத படம் ஒன்றில் வந்த சோகப் பாட்டு. அந்தத் தட்டு ஊரில் அது ஒன்றுதான். மன்றம் யார் பெயரில் நடந்ததோ, ஆயிரக்கணக்கில் பாடிக் குவித்த அந்தப் பாடகர், ஊரில் யார் வீட்டுக்கும் வராமலே எல்லார் வீட்டுக்கும் சொந்தக்காரர் ஆகிவிட்டவர். அவர் பாட்டுகளிலேயே இதுதான் உச்சம் என்பது மன்றத்தின் கொள்கை. பாட்டு முடிந்தது. ஆறு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மெக்கானிக் திருப்புளியைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணாவது சரணத்துல அழறாரு பாருங்க, அங்கதான் இடிக்குது. நெஜமா அழறவன் இவ்வளவு சுருதி சுத்தமா அழமாட்டான்" என்றார்.

தலைவர் சும்மா விட்டிருக்கலாம். விடவில்லை. "நெஜ அழுகைதான் வேணும்னா ஆஸ்பத்திரி வாசல்ல போய் நில்லுங்க. இது பாட்டு" என்றார். உறுப்பினர்களில் ஒருவர் பல் டாக்டர். மூன்றாம் சரணத்துக்கு முன்னால் பாடகர் இழுக்கிற மூச்சு, பற்களுக்கு நடுவே போகிறது என்றும், அப்படி மூச்சு இழுப்பவன் அடக்க முடியாத துக்கத்தில் இருக்கிறான் என்றும் விளக்கினார். தபால்காரர் ஒருவர் இருந்தார். தான் கொடுத்த தந்திகளைப் பிரித்தவர்கள் அழுததைப் பார்த்த அனுபவத்தில், அழுகையில் சுருதி இருக்கத்தான் செய்யும் என்று அடித்துச் சொன்னார். மற்ற மூன்று பேரும் தலைவர் எது சொன்னாலும் தலையாட்டுகிறவர்கள். பேச்சு இப்படி வளர்ந்து, பசி வந்து, மெக்கானிக் "சரி, வரேன்" என்று எழுந்து கதவை இழுத்தபோதுதான் அது அசையவில்லை என்று தெரிந்தது.

தச்சர் வந்தார். இழைத்துப் பார்த்தார், கீலைக் கழற்றிப் பார்த்தார். கீல் கையோடு வந்தது, கதவு நின்ற இடத்தில் நின்றது. ரம்பம் போட்டு அறுத்தால் அறுத்த இடம் பின்னாலேயே மாவு மாதிரி ஒட்டிக்கொண்டது. சுவரை இடிக்கலாம் என்று கடப்பாரையோடு வந்தவர்கள், இடித்த செங்கல் மறுநாள் காலையில் பழைய இடத்திலேயே இருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். "இது மரத்துல இருக்கிற கோளாறு இல்லம்மா. மனுசங்க கோளாறு" என்று தையற்காரியிடம் சொல்லிவிட்டுத் தச்சர் உளிகளைச் சுருட்டினார். உள்ளே இருந்தவர்களுக்கும் அது மெல்லப் புரிந்தது. பாட்டின் முகப்பில் வரும் குழல் அருமை என்று ஒரு நாள் ஏழு பேரும் ஒத்துக்கொண்டார்கள். உடனே கதவு ஒரு விரற்கடை தளர்ந்து, வெளிக்காற்று உள்ளே வந்தது. "ஆனா" என்றார் மெக்கானிக். கதவு இறுகிக்கொண்டது. பாட்டைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே கருத்து வந்தால்தான் வெளியே போகமுடியும் என்று மன்றம் அன்றைக்கு ஏகமனதாக முடிவு செய்தது. அந்த ஏகமனதுக்குக் கதவு அசையவில்லை, அது பாட்டைப் பற்றியது இல்லை என்பதால்.

தையற்காரி தினமும் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு மன்றத்து ஜன்னலுக்கு வருவாள். கம்பிக்கு நடுவே டப்பா குறுக்காகப் போகாது, ஒருக்களித்துத்தான் விடவேண்டும். முதல் வாரம் பாதிச் சாப்பாடு தெருவில் கொட்டியது. "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன். யார் என்ன சொத்தா எழுதிக் கேக்கறாங்க" என்றாள்.

"சொல்லிப் பாத்துட்டேன். கதவு நம்பமாட்டேங்குது."

"மனசாரச் சொல்லுங்க."

"மனசுல வேற மாதிரி இருக்கே."

ஊரில் ஒவ்வொருத்தன் மூச்சுக்கு முந்நூறு பொய் சொல்லிவிட்டு மாடிமேல் மாடி கட்டுகிறான், நமக்கு வாய்த்தவருக்கு ஒரு பாட்டு விஷயத்தில்கூடப் பொய் சொல்ல வரவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மறுநாள் டப்பாவை ஒருக்களித்து நீட்டினாள். பெற்ற மகளுக்குப் பத்து வயது. அப்பா எப்போது வருவார் என்று அது கேட்கிறபோதெல்லாம் "பாட்டு முடிஞ்சதும்" என்று சொல்லிவைத்தாள். அது பொய்யும் இல்லை.

வருஷம் போகப் போக எல்லாம் பழகிவிட்டது, பழகாத விஷயம் உலகத்தில் எது. பல் டாக்டர் ஜன்னலுக்கு வெளியே ஒரு நாற்காலி போடச் சொல்லி, நோயாளிகளைக் கம்பிப் பக்கம் அண்ணாந்து உட்காரவைத்துப் பல் பிடுங்கினார். ஓடிப்போக முடியாதவர் என்பதால் அவர்மேல் நம்பிக்கை கூடி, கூட்டமும் கூடியது. தலைவரின் கண்ணாடிக் கடையை மச்சான் எடுத்து நடத்தி, அவர் இருந்த காலத்தைவிட நன்றாக நடத்தினான். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மெக்கானிக் கம்பிக்குள் நுழைகிற அளவு ரேடியோக்களாக வாங்கிப் பழுது பார்த்தார். நுழையாததை ஜன்னல் கட்டையில் வைத்து, கையை வெளியே நீட்டி, கண்ணில் படாமலே தடவித் தடவிச் சரிசெய்தார். மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்த ஜன்னலில்தான். ஆனால் உள்ளே பாட்டு ஆரம்பித்தால் அந்தப் பெண் காதில் பஞ்சை அடைத்துக்கொள்ளும். தெருவில் போகிறவர்களும் குழல் சத்தம் கேட்டதும் ஓட்டமும் நடையுமாகத் தெருமுனையைத் தாண்டிவிடுவார்கள். யாராவது கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். தையற்காரிக்கு ஓட இடமில்லை, எதிர்க்கடை அவளுடையது. பாட்டு வந்தால் தையல் மெஷினை வேகமாக மிதிப்பாள். அந்தத் தெருவில் அந்தக் காலத்தில் தைத்த சட்டைகளுக்கெல்லாம் தையல் அழுத்தமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

பாடகரே ஒருமுறை அந்த ஊர்ப் பக்கம் வந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்டு, தன்னால் ஆனது என்று மன்றத்து ஜன்னலுக்கு வந்து நின்றார். ஆறு பேர் கும்பிட்டார்கள். மெக்கானிக் மரியாதையாக எழுந்து நின்றார். அந்த மூன்றாம் சரணத்தில் உங்கள் மனதில் இருந்த துக்கம் என்ன என்று தலைவர் நாத்தழுதழுக்கக் கேட்டார். பாடகர் ரொம்ப நேரம் யோசித்தார். "அது நான் பாடினதா?" என்றார். இரண்டு வரி பாடிக்காட்டினார்கள். "ஓ, அதுவா. அன்னைக்கு எனக்குச் சரியான ஜலதோஷம். சீக்கிரம் முடிச்சிட்டு வீட்டுக்குப் போனாப் போதும்னு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, தட்டைப் போடுவதற்குள் காரில் ஏறிவிட்டார். ஒரு வாரம் உள்ளே தட்டைப் போடவில்லை. பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாடினவருக்கு என்னங்க தெரியும்" என்றார். அதை ஆறு பேரும் ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனால் போதும் என்ற துக்கத்தைவிடப் பெரிய துக்கம் என்ன இருக்கிறது என்று மெக்கானிக்கிற்கு மட்டும் அன்றைக்குத் தோன்றியது. தோன்றியதை அவர் வெளியே சொல்லவில்லை.

அங்கேதான் விவகாரம் திரும்பியது. அடுத்த சில வருஷங்களில் அந்தப் பாட்டு மெக்கானிக்கிற்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு நாள் காலையில், ஒரு ரேடியோவின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தவர், நிமிராமலே, "அந்த மூணாவது சரணம். நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆறு பேரும் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. தலைவர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். மூன்று தலையாட்டிகளும் பெட்டி கட்ட ஆரம்பித்தார்கள். தையற்காரிக்குச் சேதி போய், கையில் இருந்த கத்தரிக்கோலோடு தெருவைக் கடந்து ஓடிவந்து கதவுக்கு முன்னால் நின்றாள். கதவு நின்றபடி நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பல் டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு அந்தப் பாட்டு சலிச்சுப் போய் ரெண்டு வருஷமாச்சுங்க" என்றார். அவர் வாயைத் திறந்ததும் தபால்காரருக்கும் தைரியம் வந்துவிட்டது. தனக்குக் குழல் சத்தம் கேட்டாலே வயிற்றைப் புரட்டுகிறது என்றார். தலையாட்டிகளும் தலையை இந்தப் பக்கம் ஆட்டினார்கள். கடைசியில் தலைவரே, "சொல்லக்கூடாது, கொஞ்சம் இழுவைதான்" என்று முணுமுணுத்தார். தையற்காரி கத்தரிக்கோலைப் பார்த்தாள், ஜன்னல் வழியாக ஏழு பேரையும் பார்த்தாள். பிறகு கடைக்குத் திரும்பிப் போய், அன்றைக்கு ஒருவருக்குத் தைத்த சட்டைக்கு மூன்று கை வைத்துவிட்டாள்.

அதற்குப்பின் ரசிகர் மன்றத்தில் அந்தப் பாட்டுக்கு ரசிகர் மெக்கானிக் ஒருவர்தான். மூச்சைப் பற்றிப் பல் டாக்டருக்கே பாடம் எடுத்தார். நிஜ அழுகை வேணும்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று தலைவரிடம் சொன்னார். ஆனாக்காரர் பட்டம் தலைவருக்குப் போனது. விட்ட குறை தொட்ட குறை என்று வாதம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. தினமும் மெக்கானிக் தட்டைப் போட்டுப் போட்டு, புது ஊசி கிடைக்காமல் தேய்ந்த ஊசியாலேயே உழுததில், தட்டு வழுக்கைத் தலை மாதிரி ஆகி, பாட்டு போய் இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

இதற்கிடையே மகளுக்கு இருபத்திரண்டு வயதாகிக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை லிப்ட் மெக்கானிக். திறக்காத கதவைத் திறப்பதுதான் அவன் தொழில். வருங்கால மாமனாரின் கதவைப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, "இதுக்கு மோட்டாரே இல்லியே அத்தே" என்றான். அப்பா பக்கத்தில் நிற்காமல் மணமேடை ஏறமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். அம்மாவின் கோபம் அப்படியே மகளுக்கும் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தையற்காரி மகளின் உடுப்பைத் தைத்து முடித்துவிட்டு, புருஷனுக்கும் ஒரு சட்டை தைத்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அளவு மட்டும்தான் அவளிடம் இருந்தது. ஜன்னல் கம்பி வழியாக டேப்பை விட்டு, அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகு அளந்தாள். தோள் ஒரு அங்குலம் குறைந்திருந்தது. டேப்பைச் சுருட்டும்போது அவளுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க, சட்டைக் காலரைப் பற்றி வெடுக்கென்று எதையோ பேசிவிட்டுப் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் உள்ளே ஒன்று நடந்தது. தட்டில் பாட்டு இல்லாமல் போய் மாதங்கள் ஆகியிருந்தன. கேட்க முடியாமல் போனதும், ஒவ்வொருவருக்கும் அது ஞாபகத்தில் வர ஆரம்பித்தது. ஞாபகத்தில் வருகிற பாட்டு எதுவும் இழுவையாக இருப்பதில்லை. தபால்காரர் பல் தேய்த்துக்கொண்டே மூன்றாம் சரணத்தை முனகினார். பல் டாக்டர் சரியான இடத்தில் மூச்சை இழுத்துக் கொடுத்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல பாட்டுங்க அது" என்றார். நல்ல பாட்டு என்றார்கள் தலையாட்டிகள். இதைத்தானே நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார் மெக்கானிக். ஏழு பேரும் மனசார ஒத்துக்கொண்டார்கள், ஏழு பேரும் கதவைப் பார்த்தார்கள். கதவு இம்மிகூட அசையவில்லை.

தலைவர் போய்க் கதவை இழுத்துப் பார்த்தார். "கேட்டவங்க எல்லாருமே ஒத்துக்கிட்டோமே. இன்னும் என்னதான் வேணுமாம் அதுக்கு?"

"எல்லாருமா?" என்றார் மெக்கானிக்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். தெருவுக்கு அந்தப் பக்கம், கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பாட்டு எத்தனை முறை உள்ளே ஒலித்ததோ அத்தனை முறையும் அவள் காதிலும் விழுந்திருந்தது. பாடினவரைக் கேட்டார்கள், பல்லைப் பற்றிப் பேசினார்கள். அவளிடம் டப்பா வாங்கிக்கொண்டதோடு சரி. உறுப்பினர் அல்லாதவர்களிடம் அபிப்பிராயம் கேட்பது மன்றத்தின் வழக்கத்தில் இல்லை. ஏழாவது ஆளை ஏன் கேட்டீர்கள் என்றால், அவரை யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னது.

அவளைக் கூப்பிட்டார்கள். வாயில் நூல் நுனியோடு வந்தாள். தலைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, அந்தப் பாட்டைப் பத்தி நீ என்னம்மா நினைக்கிறே?" என்றார். அவள் நூலைத் துப்பினாள். அவளுக்கு வந்த கோபத்துக்குத் தெருவே தாங்காது என்று எதிர்பார்த்து மெக்கானிக் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"மழைன்னும் வெயில்னும் பாக்காம இத்தனை வருஷம் இந்த ஜன்னல்ல வந்து நின்னேனே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், உனக்கு எப்படி இருக்குன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

தலைவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"நான் அந்தப் பாட்டை முழுசாக் கேட்டதே இல்ல" என்றாள். "குழல் வந்ததும், இன்னைக்கும் திறக்காதுன்னு தோணும். மெஷினை மிதிக்க ஆரம்பிச்சிடுவேன். அதுக்கு மேல என்ன வருதுன்னு எனக்குத் தெரியாது."

பொய் சொன்னால் கதவு நம்பாது. அவள் கேட்டே ஆகவேண்டும். தட்டில் பாட்டு இல்லை. தலைவரின் குரல் கண்ணாடி விற்றுத் தேய்ந்த குரல், தபால்காரருக்கு ஒரு சரணம்தான் வரும். கடைசியில் மெக்கானிக் முன்னால் வந்தார். வாழ்க்கையில் அவர் வாய்விட்டுப் பாடினதே இல்லை, ஏன் இல்லை என்பது அவர் வாயைத் திறந்ததும் எல்லாருக்கும் விளங்கியது. தையற்காரி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தாள். குழல் வரும் இடத்தை அவர் சீட்டியடித்து ஒப்பேற்றினார். முதல் சரணத்தில் குரல் மேலே போகவில்லை, இரண்டாவதில் கீழே வரவில்லை. மூன்றாவதில், பல் டாக்டர் சொன்ன அந்த மூச்சு வரவேண்டிய இடத்தில், அவர் மனைவியின் உச்சந்தலையைப் பார்த்துவிட்டார். வகிட்டில் நரை ஓடியிருந்தது. மத்தியானத்துக்கு மத்தியானம் பார்த்துக்கொண்டிருந்த தலைதான், அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது. அதற்குமேல் சுருதி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. மூக்கு அடைத்துக்கொண்டு, வார்த்தை உடைந்து, கரகரவென்று எப்படியோ கடைசி வரியைக் கரைசேர்த்தார்.

தையற்காரி டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

கதவு கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது.

"ஆனா" என்றாள்.

தலைவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா இதுக்குப் போயா பன்னிரண்டு வருஷம்?"

அதற்கு மறுத்துச் சொல்ல ஏழு பேரில் ஒருவரிடமும் எதுவும் இல்லை. பாட்டைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தோன்றியது. கதவு சத்தமில்லாமல் திறந்து சுவரில் போய்ச் சாய்ந்தது. மெக்கானிக் திருப்புளியைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வெளியே வந்தார். "பெல்ட் சரியாயிடுச்சு" என்றார். "டப்பாவை உள்ளேயே விட்டுட்டு வர்றீங்க பாருங்க" என்றாள் அவள். அவர் திரும்பி உள்ளே போய் டப்பாவை எடுத்துவருகிற வரைக்கும் அவள் கதவைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் அவர் புதுச் சட்டையோடு மகள் பக்கத்தில் நின்றார். காலர் கொஞ்சம் இறுக்கம் என்று யாரிடமும் சொல்லவில்லை. மற்ற ஆறு பேரும் ஒரே வரிசையில் வாசலை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, பாட்டுக் கச்சேரி ஆரம்பித்ததும் மண்டபத்துக் கதவுகளை அகலத் திறந்து வைக்கச் சொன்னார்கள். மன்றம் இப்போதும் நடக்கிறது, கதவைக் கழற்றிவிட்டு ஒரு திரை போட்டிருக்கிறார்கள்.

வீட்டில் மட்டும் அந்தப் பழக்கம் முழுசாக விடவில்லை. தையற்காரி சமைக்கும்போது தன்னையறியாமல் அந்தப் பாட்டை முனகுவாள். முனகினால் சமையலறைக் கதவு உப்பிக்கொள்ளும். வெளியே பசியோடு நிற்கும் புருஷன், "நல்லாத்தான் இருக்கு" என்று குரல் கொடுப்பார். கதவு ஒரு விரற்கடை தளரும். "ஆனா" என்பார். அது வரும் என்று அவளுக்குத் தெரியும். கதவு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று, சாப்பாடு ஆறிவிடாமல் அடுப்பைக் குறைத்து வைத்துவிடுவாள்.